வரிக்குதிரை மீனில் வலிப்பு ஆய்வு: பெங்களூருவில் புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

மதுரையிலோ தஞ்சாவூரிலோ முதுகலை முடித்துவிட்டு, பெங்களூருவில் ஒரு நரம்பியல் ஆய்வகத்தில் திட்ட உதவியாளராகச் சேரும் மாணவரிடம் "மீனில் வலிப்பைப் பார்க்கப் போகிறோம்" என்று சொன்னால் அவருக்கு முதலில் சந்தேகம்தான் வரும். மீனுக்கு வலிப்பு வருமா? வரும். மூளையின் நரம்பணுக்கள் கட்டுமீறி, கூட்டமாக ஒரே நேரத்தில் மின்துடிப்பை வெளியிடுவதே வலிப்பு. நரம்பணுக்களும் அவற்றை அடக்கிவைக்கும் ஏற்பாடும் உள்ள எந்த மூளையிலும் அந்த ஏற்பாடு குலையலாம். மீன் மூளையும் அதற்கு விலக்கல்ல.

இந்தக் கட்டுரை அப்படிப்பட்ட புதியவர்களுக்கானது. வேலையைத் தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். வேகமாக நீந்தும் மீன் வலிப்பில்தான் இருக்கிறது என்று சொல்ல முடியாது. அசையாமல் கிடக்கும் மீன் மருந்தால் குணமாகிவிட்டது என்றும் சொல்ல முடியாது. இந்த வேறுபாட்டைக் கண்ணால் பிரித்தறியப் பழகுவதில்தான் வேலையின் பெரும்பகுதி இருக்கிறது.

ஏன் இந்த மீன்?

வரிக்குதிரை மீன் நம் மண்ணின் மீன். கங்கை, பிரம்மபுத்திரா படுகைகளின் வாய்க்கால்களிலும் வயல்களிலும் இயல்பாக வாழ்வது. அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்டிரைசிங்கர் 1970களில் இதை மரபியல் ஆய்வுக்குக் கொண்டுவந்தார். 1981இல் வெளியான அவருடைய கட்டுரைக்குப் பிறகு உலகெங்கும் ஆய்வகங்களுக்குள் நுழைந்தது. முட்டை உடலுக்கு வெளியே கருவுறுகிறது. கரு கண்ணாடிபோல் தெளிவாக இருக்கிறது. ஒரு பெண்மீன் ஒரே காலையில் நூறு, இருநூறு முட்டைகள் இடும். 2013இல் வெளியான முழு மரபணுத் தொகுதி ஆய்வு, மனித மரபணுக்களில் சுமார் 70 விழுக்காட்டுக்கு இந்த மீனில் குறைந்தது ஓர் இணை மரபணு இருப்பதைக் காட்டியது.

வலிப்பு ஆய்வில் திருப்பம் 2005இல் வந்தது. சான் பிரான்சிஸ்கோவில் ஸ்காட் பரபன் குழுவினர், ஏழு நாள் வயதுக் குஞ்சுகளைப் பென்டிலீன்டெட்ரசோல் என்ற வேதிப்பொருள் கலந்த நீரில் விட்டார்கள். நடத்தையிலும் மூளையின் மின்பதிவிலும் வலிப்பு தெளிவாகத் தெரிந்தது. இன்றைக்கும் புதியவர் கற்கும் முதல் சோதனை இதுதான். இனி அந்த வேதிப்பொருளைப் பி.டி.இசட். என்றே குறிப்பிடுகிறேன்.

உலகில் சுமார் 5 கோடிப் பேர் வலிப்பு நோயுடன் வாழ்கிறார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இப்போதுள்ள மருந்துகள் வலிப்பைக் கட்டுப்படுத்துவதில்லை. ஓசூர் சாலையில் நிமான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவமனை வளாகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி, வேலூரிலிருந்து இரவுப் பேருந்தில் வந்து, கோப்பும் மாத்திரைப் பையுமாகக் காத்திருக்கும் குடும்பங்களைப் பார்ப்பீர்கள். வலிப்பு வந்தவர் கையில் இரும்பைத் திணிக்கும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் போகவில்லை. அந்தக் குடும்பங்களுக்கு அறிவியல் கடன்பட்டிருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

எங்கே சேர்வது

பெங்களூருவில் உயிரியல் ஆய்வுக்குப் பெயர்பெற்ற இடங்கள் பல இருக்கின்றன: இந்திய அறிவியல் கழகம், பல்லாரி சாலையில் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையம், ஜக்கூரில் ஜவஹர்லால் நேரு உயர் ஆய்வு மையம், மருத்துவப் பக்கத்துக்கு நிமான்ஸ். தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் வத்சலா திருமலையின் ஆய்வகம், இந்த மீன்குஞ்சின் சிறுமூளை நரம்பணுக்களிலிருந்து நேரடியாக மின்பதிவு எடுத்து, அது நீந்துவதை மூளை எப்படி நடத்துகிறது என்று ஆராய்கிறது. அங்கே பார்க்கப்படும் கேள்வி வலிப்பு அல்ல. ஆனால் உயிருள்ள குஞ்சின் மூளையிலிருந்து மின்துடிப்பை எடுக்கும் கைப்பழக்கம் உங்களுக்கும் வேண்டியதே. கல்லூரி மாணவர்களாக இருந்தால், பெங்களூருவில் தலைமையகம் உள்ள இந்தியன் அகாதமி ஆஃப் சயின்சஸ் நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்.

அனுமதி முதலில், மீன் பிறகு

1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் 1998இல் வந்த விதிகளின் கீழும்தான் இந்தியாவில் விலங்குச் சோதனைகள் நடக்கின்றன. உங்கள் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் திட்டத்தை எழுதிக் கொடுத்து ஒப்புதல் பெற வேண்டும். "வெறும் குஞ்சுதானே" என்று ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். தானாக இரைதேடத் தொடங்கிய குஞ்சை ஐரோப்பியச் சட்டம் முழு விலங்காகவே கணக்கிடுகிறது, 28.5 டிகிரியில் வளர்த்தால் அந்த நிலை ஐந்தாம் நாளையொட்டி வந்துவிடும். நாம் சோதனை செய்வதோ பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நாள் வயதில். எத்தனை குஞ்சுகள், எவ்வளவு நேரம், எப்படி முடிப்பது என்பதெல்லாம் விண்ணப்பத்திலேயே இருக்கட்டும்.

இன்னொன்று: டயசபாம் போன்ற சில வலிப்பு மருந்துகள் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் வருகின்றன. சோதனைக்கு முந்தைய வாரம் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டால் கிடைக்காது. வால்புரோயேட் என்ற வலிப்பு மருந்துக்கு இந்தத் தொல்லை இல்லை; முதல் சோதனைக்கு அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரும் சூடும்

கடையில் வாங்கிய மீன் வேண்டாம். பெங்களூரு வண்ணமீன் கடைகளுக்குச் சரக்கு பல ஊர்களிலிருந்து வருகிறது. அதன் வயதோ, பெற்றோரோ, பட்ட நோயோ யாருக்கும் தெரியாது. பரம்பரை தெரிந்த மீனை வேறோர் ஆய்வகத்திலிருந்து கேட்டு வாங்கி, தனியே வைத்துக் கவனித்த பிறகே மற்ற மீன்களோடு சேர்க்க வேண்டும்.

காவிரிக் குழாய்த்தண்ணீரில் குளோரின் இருக்கும். ஆழ்துளைக் கிணற்று நீரில் கடினத்தன்மை அதிகம். கோடையில் லாரித் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்றே சொல்ல முடியாது. அதனால் எதிர் சவ்வூடுபரவல் முறையில் வடிகட்டி, அளந்த உப்பும் சோடியம் பைகார்பனேட்டும் சேர்த்த தண்ணீரையே மீன் கூடங்கள் பயன்படுத்துகின்றன. கார அமில அளவு 7க்கும் 7.5க்கும் இடையில் இருக்கட்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் தெரியவே கூடாது. சூடு 28.5 டிகிரி, வெளிச்சம் 14 மணி நேரம், இருள் 10 மணி நேரம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் பெங்களூருவில் 15 டிகிரிக்குக் குளிர் இறங்கும். அந்த மாதங்களில் மின்சாரம் போனால் ஹீட்டருக்கும் காற்றுக் குழாய்க்கும் ஜெனரேட்டர் இணைப்பு உண்டா என்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குளிரில் வளர்ந்த குஞ்சு "ஏழு நாள்" என்று ஏட்டில் இருந்தாலும் உடலால் ஏழு நாள் குஞ்சாக இருக்காது.

பல மீன் கூடங்களில் பராமரிப்பைப் பார்த்துக்கொள்பவர்கள் தமிழ் பேசுபவர்கள். "இன்றைக்குத் தண்ணீர் எப்படி இருக்கிறது அண்ணா?" என்று தினமும் காலையில் கேளுங்கள். "மூன்றாம் வரிசையில் இரை மிஞ்சிக் கிடக்கிறது தம்பி, அந்த மீனை இன்றைக்கு ஜோடி சேர்க்காதே" என்று அவர் சொன்னால் அப்படியே கேட்டுக்கொள்ளுங்கள். மீன் வாடுவது கருவியில் தெரிவதற்கு முன் அவர் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

முட்டையிலிருந்து ஏழாம் நாள் வரை

மாலையில் ஆணையும் பெண்ணையும் ஒரே தொட்டியில், நடுவே தடுப்பு வைத்து விடுங்கள். காலையில் விளக்கு எரிந்ததும் தடுப்பை எடுத்தால் சிறிது நேரத்தில் முட்டையிடும். தொட்டியின் உள்ளடுக்கு சல்லடைபோல் இருப்பதால் முட்டைகள் கீழே இறங்கிவிடும். இல்லாவிட்டால் தாய் தகப்பனே தின்றுவிடும். முட்டைகளை வளர்ப்புக் கரைசலில் கழுவி, ஒரு பெட்ரி தட்டுக்கு ஐம்பது, அறுபதுக்கு மேல் போகாமல் பிரித்து, 28.5 டிகிரி இன்குபேட்டரில் வையுங்கள். வெள்ளையாகக் கலங்கிய முட்டை செத்தது; அன்றே எடுத்துவிடாவிட்டால் பூஞ்சை பரவும். இரண்டாம், மூன்றாம் நாளில் குஞ்சு பொரியும்.

சோதனை நாளன்று நுண்ணோக்கியில் ஒவ்வொரு குஞ்சையும் பாருங்கள். நீளம் ஓர் இமை மயிர் அளவுதான். முன்னால் இரண்டு கரிய கண்கள், அவற்றுக்குப் பின்னால் வெள்ளிக்குமிழிபோல் காற்றுப்பை. காற்றுப்பை நிரம்பாத குஞ்சு, ஒருக்களித்துக் கிடக்கும் குஞ்சு, முதுகு வளைந்த குஞ்சு, வாலைத் தொட்டால் துள்ளி விலகாத குஞ்சு எதையும் எடுக்காதீர்கள். வலிப்பின் கடைசி நிலையில் மீன் சாய்ந்து விழும். முன்பே சாய்ந்திருக்கும் மீனைத் தட்டில் விட்டால் கணக்கு கெட்டுவிடும்.

தட்டில் அந்த அரை மணி நேரம்

பி.டி.இசட். மூளையின் முக்கியமான தடுப்பு ஏற்பாட்டைத் தாக்குகிறது. காபா என்ற வேதித்தூதன், தன் ஏற்பியின் வழியாக நரம்பணுவை அமைதிப்படுத்துகிறது. பி.டி.இசட். அந்த ஏற்பியை அடைத்துவிடுவதால் தூண்டலைத் தடுக்க எதுவும் இல்லாமல் போகிறது. 1930களில் மனநோய்க்குச் சிகிச்சை என்று இதை மனிதர்களுக்கே ஊசியில் செலுத்தி வலிப்பை வரவழைத்திருக்கிறார்கள். ஆகவே எடை போடும்போது கையுறையும் முகக்கவசமும் கட்டாயம்.

வழக்கமாகப் பயன்படுத்தும் உச்ச அளவு 20 மில்லிமோலார். ஆனால் குஞ்சு இருக்கும் நீரை உறிஞ்சி எடுத்துவிட்டு பி.டி.இசட். கலந்த நீரை ஊற்ற முயலாதீர்கள், குஞ்சு அடிபடும். 96 குழித் தட்டில் குழிக்கு ஒரு குஞ்சாக 100 மைக்ரோலிட்டரில் விட்டு, அதன்மேல் 40 மில்லிமோலார் கரைசல் 100 மைக்ரோலிட்டர் சேர்த்தால் சரியாக 20 ஆகிவிடும். பி.டி.இசட்.டின் மூலக்கூறு எடை 138.17, எனவே அந்த 40 மில்லிமோலார் கரைசலுக்கு 10 மில்லிலிட்டருக்கு 55.3 மில்லிகிராம். ஒப்பீட்டுக் குழிகளுக்கும் இதே பிப்பெட்டால், இதே வேகத்தில், வெறும் வளர்ப்புக் கரைசல் 100 மைக்ரோலிட்டர் சேர்க்க வேண்டும். நீர் வந்து விழுவதே குஞ்சுக்கு அதிர்ச்சி. அந்த அதிர்ச்சியில் அது பாய்ந்தோடுவதை வலிப்பு என்று எழுதிவிடக் கூடாது.

சேர்க்கும் முன் குஞ்சுகளைத் தட்டிலேயே இருபது நிமிடம் பழகவிடுங்கள். பிறகு வீடியோ ஓடட்டும். விலை உயர்ந்த தானியங்கிக் கருவி இல்லை என்று வருந்த வேண்டாம். கீழிருந்து சீரான வெளிச்சம், அசையாத கேமரா, இலவசமாகக் கிடைக்கும் தடமறி மென்பொருள் போதும்.

முதல் சில நாள்கள் மென்பொருளைத் தொடாமல் கண்ணால் பாருங்கள். முதல் நிலையில் குஞ்சு பரபரப்பாகிறது. வழக்கமாகக் கொஞ்சம் நீந்திக் கொஞ்சம் நிற்கும் மீன் நிற்பதை விட்டுவிடுகிறது. இரண்டாம் நிலையில் குழியின் சுவரை ஒட்டி வட்டமாகச் சுற்றுகிறது, மிக வேகமாக. மூன்றாம் நிலையில் உடல் வெட்டி இழுக்கிறது. வால் இப்படியும் அப்படியும் துடிக்கிறது. பிறகு சட்டென்று ஒருக்களித்துச் சாய்ந்து, சில நொடிகள் அசைவற்றுக் கிடக்கிறது. மறுபடி நிமிர்ந்து, மறுபடி இழுக்கிறது. ஒவ்வொரு நிலையும் எத்தனையாவது நிமிடத்தில் வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் குழியில் என்ன இருக்கிறது என்று தெரியாத ஒருவர் குறிப்பது இன்னும் நல்லது.

இனி மென்பொருளுக்கு வரலாம். அது பொதுவாகத் தருவது மொத்த நீச்சல் தூரம். மூன்றாம் நிலைக்குப் போன மீன் சாய்ந்து கிடக்கும் நேரம் அதிகம், ஆகவே அதன் தூரம் குறைகிறது. கடும் வலிப்பில் உள்ள மீனின் எண், லேசான வலிப்பில் உள்ள மீனின் எண்ணைவிடச் சிறியதாக வரலாம். இதை அறியாமல் பார்த்தால், "அளவைக் கூட்டியபோது வலிப்பு குறைந்தது" என்ற தலைகீழான முடிவுக்கு வந்துவிடுவீர்கள். தூரத்தோடு அதிவேகப் பாய்ச்சல்களின் எண்ணிக்கை, சுற்றும் முறை, சாய்ந்து விழுந்த தடவைகள் ஆகியவற்றையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

வெளிச்சமும் ஏமாற்றும். திடீரென்று இருளானால் ஆரோக்கியமான குஞ்சே வெகுநேரம் துறுதுறுவென்று நீந்தும். சோதனை நடக்கும் அறையின் விளக்கை யாராவது அணைத்தால் அன்றைய பதிவு வீண். கதவில் அட்டை மாட்டிவிடுங்கள். காலையில் செய்த சோதனையை மாலையில் செய்ததோடு ஒப்பிடாதீர்கள். தட்டின் ஓரக் குழிகளில் நீர் சீக்கிரம் ஆவியாகும். எல்லா மருந்துக் குழிகளையும் ஓரத்தில் ஒதுக்கிவிடாமல் கலந்து அமையுங்கள்.

எண்ணிக்கை பற்றி ஒன்று. ஒரே ஜோடி இட்ட முட்டையிலிருந்து வந்த 24 குஞ்சுகள் உடன்பிறப்புகள். அவை 24 தனித்தனிச் சான்றுகள் ஆகா. வெவ்வேறு நாள்களில், வெவ்வேறு ஜோடிகளின் குறைந்தது மூன்று ஈட்டு முட்டைகளில் முடிவு திரும்ப வந்தால்தான் அதை நம்ப வேண்டும்.

மருந்தைச் சோதிக்கும்போது

வால்புரோயேட்டை முன்கூட்டியே கொடுத்து, பிறகு பி.டி.இசட். சேர்த்தால் வலிப்பு குறைய வேண்டும். குறைந்தால் உங்கள் முறை வேலை செய்கிறது என்று பொருள். குறையாவிட்டால் புதிய மருந்துகள் பக்கமே போகாதீர்கள். குழுக்கள் நான்கு வேண்டும்: வெறும் கரைசல், பி.டி.இசட். மட்டும், மருந்து மட்டும், இரண்டும் சேர்ந்தது. புதியவர்கள் மிச்சம் பிடிக்க நினைப்பது மூன்றாவது குழுவைத்தான். அதை விடவே கூடாது. மருந்து மட்டும் கொடுத்த குஞ்சு தொட்டாலும் துள்ளவில்லை என்றால், அந்த மருந்து வலிப்பை அடக்கவில்லை, மீனையே முடக்கியிருக்கிறது. இதயத் துடிப்பையும் வாலைத் தொட்டால் வரும் துள்ளலையும் ஒவ்வொரு மருந்துக்கும் பாருங்கள்.

மூளையின் சாட்சி

நடத்தை சந்தேகத்தைத் தரும். மின்பதிவு தீர்ப்பைத் தரும். குறைந்த சூட்டில் உருகும் அகரோஸ் கூழில் குஞ்சை முதுகு மேலே தெரியும்படி பதித்து, நுண்ணிய கண்ணாடி மின்முனையைப் பார்வை மேடு எனப்படும் நடுமூளைப் பகுதியில் வைப்பார்கள். வலிப்பின்போது உயரமான துடிப்புகள் கொத்துக் கொத்தாகப் பல நொடிகள் நீளும். இடையிடையே தனித்த சிறு துடிப்புகள் வரும். இதைக் கற்க மாதங்கள் ஆகலாம், பக்கத்தில் உட்கார்ந்து கற்பிக்க ஆளும் வேண்டும். எழுதிப் புரியவைக்க முடியாது. ஒரு எச்சரிக்கை மட்டும்: மீனை மயக்கப் பயன்படும் டிரைகெய்ன் நரம்பணுவின் சோடியம் வாய்க்கால்களை அடைப்பது. அது உடலில் மிச்சமிருந்தால் வலிப்பே வராது. நன்றாகக் கழுவிய பிறகே பதிவைத் தொடங்குங்கள்.

மரபணு வழி

பி.டி.இசட். தருவது ஒரு வேளை வலிப்பு. அது வலிப்பு நோய் ஆகாது. தானாக, திரும்பத் திரும்ப வரும் வலிப்பை ஆராய மரபணு மாற்றம் கொண்ட மீன்கள் வேண்டும். டிராவே நோய்க்குறி என்பது கைக்குழந்தைப் பருவத்தில் தொடங்கும் கடுமையான வலிப்பு நோய், பெரும்பாலும் எஸ்.சி.என்.1.ஏ. என்ற சோடியம் வாய்க்கால் மரபணுவின் பழுதால் வருவது. அதன் இணை மரபணு பழுதான மீன்களில் பரபன் குழு 320 சேர்மங்களைச் சோதித்து, கிளெமிசோல் என்ற பழைய ஒவ்வாமை மருந்து வலிப்பை அடக்குவதை 2013இல் வெளியிட்டது. நீச்சல் குறைந்ததோடு அவர்கள் நிறுத்தவில்லை, மின்பதிவிலும் உறுதிப்படுத்தினார்கள். அந்த இரண்டாவது அடியைத்தான் நீங்கள் பின்பற்ற வேண்டும்.

மீனால் முடியாததையும் தெரிந்துகொள்ளுங்கள். அதற்கு நம்முடையதுபோல் ஆறடுக்குப் பெருமூளைப் புறணி கிடையாது. பல மரபணுக்கள் அதில் இரட்டையாக உள்ளன. ஒன்றைப் பழுதாக்கினால் மற்றது ஈடுகட்டிவிடலாம். நாடாப்புழுவின் இளநிலை மூளையில் தங்குவதால் வரும் வலிப்பு இந்தியாவில் பெரிய பிரச்சினை; அதற்குக் குஞ்சுமீன் தட்டில் விடை கிடைக்காது.

சோதனை முடிந்ததும்

பி.டி.இசட். பட்ட குஞ்சைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பக் கூடாது. அதிக அளவு டிரைகெய்னிலோ பனிக்குளிர் நீரிலோ முடிக்க வேண்டும். குஞ்சுகள் பெரிய மீனைவிடக் குளிரை அதிக நேரம் தாங்கும். அசைவு நின்ற பிறகும் குறைந்தது 20 நிமிடம் விட்டு, நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்ட இரண்டாம் முறையாலும் இறப்பை உறுதிசெய்யுங்கள். மருந்து நீர் வேதிக்கழிவுக் கலத்துக்குப் போகட்டும், கழுவுதொட்டியில் கொட்டாதீர்கள்.

சொந்தக் கேள்வி ஒன்று வேண்டுமென்றால்

பி.டி.இசட். சோதனை கைவந்துவிட்டால், இந்த ஊரிலேயே ஒரு நல்ல கேள்வி காத்திருக்கிறது: வெந்நீர் வலிப்பு. தலையில் சூடான நீரை மொண்டு ஊற்றிக் குளிக்கும்போது வரும் வலிப்பு இது. உலகில் அரிதாகச் சொல்லப்பட்டாலும், தென்னிந்தியாவில், குறிப்பாகக் கர்நாடகத்தின் தென்பகுதியில், அதிகம் காணப்படுவது. நிமான்ஸில் பி. சதீஷ்சந்திராவும் உடன் பணியாற்றியவர்களும் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, எலிகளிலும் மாதிரி உருவாக்கினார்கள். ஜக்கூரில் அனுரஞ்சன் ஆனந்தின் குழு இந்நோய் உள்ள குடும்பங்களில் மரபணுக் காரணங்களைத் தேடியது. மீன்பக்கத்தில், நீரின் சூட்டை ஏற்றினால் குஞ்சின் மூளையில் வலிப்புத் துடிப்பு வருவதைப் பரபன் குழு 2012இல் காட்டியிருக்கிறது. குடும்பங்களில் கிடைத்த மரபணு மாற்றங்களை மீனில் வைத்துச் சூட்டுச் சோதனை செய்வது ஒரு முனைவர் பட்டத்துக்குத் தாங்கும் வேலை.

அதைத் தொடங்கினால் மூன்றைக் கவனியுங்கள். சூட்டை ஏற்றும் வேகம் ஒவ்வொரு குஞ்சுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஹீட்டர் காட்டும் எண்ணை எழுதாமல், குஞ்சின் தலைக்கருகே வைத்த நுண்ணிய வெப்பமானியின் எண்ணை எழுதுங்கள். இரண்டுக்கும் வேறுபாடு இருக்கும். சூட்டைத் தாளாமல் தப்பிக்கப் பாயும் மீனும் வேகமாகத்தான் நீந்தும். ஆகவே இந்தச் சோதனையில் மின்பதிவு இல்லாமல் வலிப்பு என்ற சொல்லை ஏட்டில் எழுதாதீர்கள்.